டிஸ்சார்ஜ் சீட்டின் கடைசி வரி: ஏ.ஏ. கூட்டம் என்பது என்ன, எப்படித் தேடிப் போவது?

மதுக்கடைகளை மூடவேண்டும் என்ற பேச்சு தமிழ்நாட்டில் எழும்போதெல்லாம், கூடவே இன்னொரு கோரிக்கையும் எழுகிறது: மறுவாழ்வு மையங்களைத் திற. 2023 ஜூனில் 500 டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டபோதும், அடுத்த ஆண்டு கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தபோதும் விவாதம் இந்த இரண்டையும் தாண்டவில்லை. மையத்துக்குப் போய் மூன்று வாரம் இருந்துவிட்டு வீடு திரும்பும் மனிதர் நான்காவது வாரம் என்ன செய்வார் என்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதற்கான பதில், டிஸ்சார்ஜ் சீட்டின் அடியில் ஒற்றை வரியாக இருக்கும்: "ஏ.ஏ. மீட்டிங்குக்குத் தவறாமல் செல்லவும்."

அது வகுப்பா, பிரார்த்தனைக் கூட்டமா, கட்டணம் எவ்வளவு, யார் நடத்துகிறார்கள் என்று எதுவும் தெரியாமல் வீட்டார் அந்தச் சீட்டை மடித்து பீரோவில் வைத்துவிடுகிறார்கள். சிகிச்சைக்குக் கடன் வாங்கிச் செலவழித்த குடும்பம் காசே கேட்காத ஒன்றைப் பெரிதாக நினைக்காததில் வியப்பில்லை. ஏ.ஏ. என்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட்டவர்கள் தாங்களே கூடி நடத்தும் சுய உதவிக் குழு. இந்தக் கட்டுரை அந்தக் கடைசி வரியைப் பற்றியது.

மூன்று வேலைகள், மூன்று இடங்கள்

குடியிலிருந்து மீள்வதில் மூன்று தனித்தனி வேலைகள் இருக்கின்றன. குழப்பமே இவற்றை ஒன்றாகப் பார்ப்பதால்தான் வருகிறது.

1. நச்சுநீக்கம். மருத்துவமனையில் 'டீடாக்ஸ்' என்பார்கள். குடியை நிறுத்தியதும் உடல் படும் பாட்டை மருந்து கொடுத்துக் கட்டுக்குள் வைப்பது. பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள்.

2. மறுவாழ்வுச் சிகிச்சை. மனநல மருத்துவர், ஆலோசகர், தேவைப்பட்டால் குடிக்கும் ஆவலைக் குறைக்கும் மாத்திரைகள். சில வாரங்கள் உள்நோயாளியாகவோ, பல மாதங்கள் வெளிநோயாளியாகவோ.

3. சுய உதவிக் குழு. குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் தாங்களே கூடி நடத்துவது. மருத்துவர் கிடையாது, கட்டணம் கிடையாது, முடிவுத் தேதியும் கிடையாது. உலகெங்கும் பரவியிருப்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ.

முதல் வேலையை மூன்றாவது இடத்தில் செய்ய முடியாது. இது உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். நெடுங்காலம் தினமும் குடித்தவரின் மூளை, மது தரும் மந்தத்துக்கு ஈடுகட்டத் தன் வேகத்தைக் கூட்டிவைத்துப் பழகியிருக்கும். மது திடீரென்று நின்றால் அந்த வேகத்துக்குத் தடை இல்லாமல் போகிறது. கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் வேறு சிலருக்கு, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிவதும், இடம் காலம் தெரியாமல் பிதற்றுவதும், காய்ச்சலும் சேர்ந்த கடுமையான நிலை உண்டாகும். சிகிச்சை தராவிட்டால் அது உயிரையே எடுத்துவிடலாம்.

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கால் மதுக்கடைகள் ஒரே நாளில் மூடப்பட்டபோது இது பரவலாக வெளிச்சத்துக்கு வந்தது. கேரள அரசு, மருத்துவர் சீட்டு இருந்தால் மது தரலாம் என்று உத்தரவே போட்டது. மருத்துவர்கள் எதிர்த்தார்கள், உயர் நீதிமன்றம் ஏப்ரல் தொடக்கத்தில் தடை விதித்தது. மதுவை மருந்தாக எழுதிக் கொடுப்பது சரியில்லை என்பதில் நீதிமன்றத்தின் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் அந்த உத்தரவு எந்தப் பயத்தில் பிறந்ததோ அந்தப் பயம் பொய்யல்ல. எனவே காலையில் கண் விழித்ததும் கை நடுங்கி, ஒரு 'கட்டிங்' போட்டால்தான் நிற்கிறது என்ற நிலையில் இருப்பவர் முதலில் போகவேண்டியது அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு. கூட்டம் அதற்குப் பிறகு.

கூட்டம் எங்கிருந்து வந்தது

1935-ல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஆக்ரன் என்ற ஊர். பங்குச் சந்தைத் தொழிலில் இருந்த பில் வில்சன், வேலை விஷயமாக அங்கே வந்தவர், குடியை விட்டு சில மாதங்கள்தான் ஆகியிருந்தது. காரியம் கைகூடாத ஏமாற்றத்தில் மறுபடி குடித்துவிடுவோமோ என்ற பயம் வந்தபோது, பேசுவதற்கு இன்னொரு குடிகாரரைத் தேடினார். கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர். பாப் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10-ஆம் தேதியைத்தான் ஏ.ஏ. தன் தொடக்க நாளாகக் கொண்டாடுகிறது.

இதில் கவனிக்கவேண்டியது, யார் யாருக்கு உதவினார் என்பது. பில் தேடிப் போனது பாப்பைக் காப்பாற்ற அல்ல, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள. ஒரு குடிநோயாளி இன்னொரு குடிநோயாளியிடம் தன் கதையைச் சொல்லும்போது சொல்பவர் அன்றைக்குக் குடிக்காமல் இருக்கிறார் என்பதுதான் கண்டுபிடிப்பு. பன்னிரண்டு படிகளும் (1939-ல் நூலாக வந்தது) பன்னிரண்டு மரபுகளும் (1950-ல் ஏற்கப்பட்டது) இதன்மேல் கட்டப்பட்டவை. படிகள் தனிமனிதர் மாறுவதற்கு. மரபுகள் குழு உடையாமல் இருப்பதற்கு: வெளியாரிடம் நன்கொடை வாங்கக் கூடாது, எந்த அரசியல் விவகாரத்திலும் கருத்துச் சொல்லக் கூடாது, குழுவின் பெயரை எந்த நிறுவனத்துக்கும் இரவல் தரக் கூடாது. மதுவிலக்கு வேண்டுமா வேண்டாமா என்று ஏ.ஏ.-யிடம் கேட்டால் பதில் வராததற்குக் காரணம் இந்த மரபுதான், அக்கறையின்மை அல்ல.

இந்தியாவுக்கு ஏ.ஏ. 1957-ல் வந்தது. தமிழ்நாட்டில் குடியை ஒழுக்கக்கேடாகப் பார்க்காமல் நோயாகப் பார்க்கும் பார்வைக்கு வழி திறந்தவர்களில் சாந்தி ரங்கநாதன் முக்கியமானவர். குடியால் கணவரை இழந்த அவர், 1980-ல் சென்னையில் தொடங்கிய டி.டி.ஆர். அறக்கட்டளையின் மருத்துவமனை, நோயாளியோடு குடும்பத்தையும் சேர்த்தே சிகிச்சைக்குள் கொண்டுவந்தது.

கதவுக்கு உள்ளே

வெளியே பெரும்பாலும் பெயர்ப் பலகை இருக்காது. தேவாலய வளாகத்தில் ஓர் அறை, பள்ளிக்கூட வகுப்பறை, மருத்துவமனையின் பின்கட்டு என்று வாடகை குறைவான இடமாக இருக்கும். பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் படிகளும் மரபுகளும் அச்சிட்ட துணி, ஒரு மூலையில் டீயும் பிஸ்கட்டும். பத்துப் பேர் இருக்கலாம், நாற்பது பேரும் இருக்கலாம். வருகைப் பதிவேடு கிடையாது. முகவரியோ ஆதாரோ யாரும் கேட்கமாட்டார்கள்.

அன்றைய கூட்டத்தை நடத்துபவரும் ஒரு குடிநோயாளிதான், பொறுப்பு முறை வைத்து மாறும். ஒவ்வொருவராகத் தன் பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கிச் சில நிமிடம் பேசுவார். குழுவில் இதை 'ஷேரிங்' என்கிறார்கள். தத்துவம் எதுவும் இருக்காது. சம்பள நாளன்று இரண்டு ஸ்டாப் முன்னாடியே இறங்கிவிடுவேன் என்பார் ஒருவர். பாட்டிலை ஸ்கூட்டர் டிக்கியில் மழைக்கோட்டுக்குள் சுருட்டி வைத்ததையும், மகள் கல்யாணத்தன்று மண்டபத்துக்கு வெளியே நின்றதையும் இன்னொருவர் சொல்வார். இடையில் சிரிப்பும் கேட்கும், முதல் முறை வருபவருக்கு அது அதிர்ச்சியாகக்கூட இருக்கும். நீங்கள் யாருக்கும் சொல்லாமல் மறைத்துவைத்த தந்திரத்தை முன்பின் தெரியாத ஆள் பொதுவில் சொல்லிச் சிரிக்கும்போது ஏற்படுவதை ஆலோசகரால் தர முடியாது.

ஒருவர் பேசும்போது குறுக்கே பேசுவதோ அறிவுரை சொல்வதோ வழக்கமில்லை. பேச விருப்பமில்லை என்றால் பெயரை மட்டும் சொல்லி, "இன்னைக்குக் கேட்க வந்திருக்கேன்" என்றால் போதும். நடுவில் ஒரு பை சுற்றி வரும், வாடகைக்கும் டீச் செலவுக்கும் உறுப்பினர்கள் முடிந்ததைப் போடுவார்கள். புதிதாக வந்தவர் போடத் தேவையில்லை. ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில், எல்லோரும் எழுந்து மன அமைதிக்கான வேண்டுதலைச் சொல்ல, கூட்டம் முடியும். 'திறந்த கூட்டம்' என்றால் குடும்பத்தார், மாணவர்கள், யார் வேண்டுமானாலும் வரலாம். 'மூடிய கூட்டம்' குடிப்பழக்கத்தை நிறுத்த விரும்புவோருக்கு மட்டும்.

தேடுவதும் தேர்ந்தெடுப்பதும்

ஏ.ஏ.-யின் இந்திய இணையதளத்தில் ஊர்வாரியாகக் கூட்டப் பட்டியல் உண்டு. சிகிச்சை எடுத்த மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் கேட்பது இன்னும் சுலபம், எந்தக் கூட்டம் இப்போது உயிரோடு நடக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். பட்டியலில் உள்ள எண்ணை அழைத்தால் எடுப்பவரும் குடியை விட்டவராகவே இருப்பார். அவரிடம் கேட்டுவைக்க வேண்டியவை:

1. எந்தக் கிழமை, எத்தனை மணி, தமிழிலா ஆங்கிலத்திலா? சென்னையில் இரண்டும் உண்டு. குடித்ததற்கு எந்த மொழியில் திட்டு வாங்கினீர்களோ அந்த மொழியில் பேசுவதே நல்லது.

2. திறந்ததா, மூடியதா? மனைவியோ அண்ணனோ கூட வரலாமா?

3. பலகை இல்லாத இடத்தை எப்படி அடையாளம் காண்பது? முடிந்தால் வாசலில் யாராவது நிற்க முடியுமா என்றும் கேட்கலாம். பெரும்பாலும் நிற்பார்கள்.

4. கேட்பது பெண்ணாக இருந்தால், அந்தக் கூட்டத்துக்குப் பெண்கள் வருகிறார்களா?

நேரத்தைப் பற்றி ஒன்று. மாலை ஆறரை, ஏழு மணிக் கூட்டங்களே அதிகம். வேலை முடிந்து கடை வாசலில் நிற்கும் நேரமும் அதுதான். எந்த மணி நேரத்தில் கால் தானாகக் கடைப்பக்கம் திரும்புமோ அந்த மணி நேரத்தை வேறொன்றால் நிரப்புவது கூட்டத்தின் பாதிப் பயன் என்றே சொல்லலாம். ஞாயிறு காலையில் வசதியாக ஒரு கூட்டம் இருக்கிறது என்பதற்காக மாலைக் கூட்டத்தைத் தள்ளிவிடுவது நல்ல கணக்கல்ல.

தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களோ என்று பயந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளியுள்ள கூட்டத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. முதல் சில வாரத்துக்கு அது சரி. பிறகு தூரமே போகாமலிருக்கக் காரணமாகிவிடும். இன்னொன்றும் யோசிக்கலாம்: அந்த அறையில் உங்களைப் பார்க்கும் தெரிந்தவர் அங்கே எதற்காக வந்திருப்பார்?

ஒரு கூட்டம் பிடிக்கவில்லை என்றால் ஏ.ஏ.-யே பிடிக்கவில்லை என்று முடிவு கட்டக் கூடாது. கூட்டத்துக்குக் கூட்டம் குணம் வேறு. ஒன்றில் நூல் வாசிப்பு அதிகம், ஒன்றில் பேச்சு, மூன்றாவதில் பழையவர்களின் அதட்டல். நான்கைந்தைப் பார்த்துவிட்டு ஒன்றை 'ஹோம் குரூப்' ஆக வைத்துக்கொள்வதுதான் வழக்கம். முதல் 90 நாளில் 90 கூட்டம் என்ற மரபும் உண்டு. வாரம் ஒரே கூட்டம் நடக்கும் ஊரில் இது நடவாத காரியம், மீதியை இணையக் கூட்டங்களால்தான் நிரப்ப வேண்டும்.

இணையக் கூட்டங்கள் ஊரடங்குக் காலத்தில் பெருகியவை. வெளிநாட்டில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கும், வீட்டைவிட்டு வர முடியாத பெண்களுக்கும் இவைதான் வாசல். நுழையும் முன் ஜூமில் உங்கள் பெயர் எப்படித் தெரிகிறது என்று பாருங்கள், அலுவலகக் கணக்கில் இருந்தால் முழுப் பெயரும் நிறுவனப் பெயரும் திரையில் நிற்கும். குழுவின் வாட்ஸ்அப்பில் சேர்ந்தால் எண்ணும் முகப்புப் படமும் அத்தனை பேருக்கும் தெரியும். சேராமலே கூட்டத்துக்குப் போகலாம்.

வழக்கமாக எழும் மூன்று சந்தேகங்கள்

*ரகசியம் காக்கப்படுமா?* குழுவின் ஆணிவேரே அதுதான், மீறுவது அரிது. ஆனால் மருத்துவரிடம் சொல்வதற்கு இருக்கும் சட்டப் பாதுகாப்பு இங்கே கிடையாது. காப்பது மரபு, சட்டமல்ல. ஆகவே வழக்கில் இருக்கும் விஷயம், பிறரைச் சிக்கவைக்கும் தகவல் இவற்றைக் கூட்டத்தில் சொல்லாமல் வழக்கறிஞரிடமோ மருத்துவரிடமோ வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

*கடவுள் நம்பிக்கை வேண்டுமா?* படிகளில் கடவுள் வருகிறார், அதை மறைக்க வேண்டியதில்லை. ஏ.ஏ. ஒரு கிறிஸ்தவச் சமய இயக்கத்தின் மடியில் வளர்ந்தது. "நாம் புரிந்துகொண்ட வகையிலான கடவுள்" என்ற திருத்தம் ஆரம்பகால நாத்திக உறுப்பினர்களை மனத்தில் வைத்து வந்தது. குழுவில் சேரத் தேவையான ஒரே தகுதி, குடியை நிறுத்தும் விருப்பம். அந்த அறையில் கூடியிருப்பவர்களையே தனக்கு மேற்பட்ட சக்தியாக எடுத்துக்கொள்ளும் நாத்திகர்கள் உண்டு. அதுவும் ஒட்டவில்லை என்றால், 1994-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஸ்மார்ட் ரெகவரி போல, கடவுளைக் கொண்டுவராமல் உளவியல் பயிற்சிகளை அடிப்படையாகக் கொண்ட குழுக்கள் இணையத்தில் இருக்கின்றன. பகுத்தறிவாளர் என்பதால் குழுவே வேண்டாம் என்பது மட்டும் பகுத்தறிவாகாது.

*இது வேலை செய்கிறதா?* மருத்துவ ஆய்வுகளைச் சலித்துத் தொகுக்கும் காக்ரன் அமைப்பு 2020-ல் 27 ஆய்வுகளையும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களையும் சேர்த்துப் பார்த்தது. ஏ.ஏ.-யோடு முறையாக இணைத்துவிடும் சிகிச்சை பெற்றவர்களில் ஓராண்டு முடிவில் முழுமையாகக் குடிக்காமல் இருந்தோர் ஏறத்தாழ 42 சதவீதம், மற்ற உளவியல் சிகிச்சைகளில் 35 சதவீதம். இதை இரண்டு விதமாகவும் படிக்க வேண்டும். இலவசமான ஒன்று, காசு வாங்கும் சிகிச்சைகளுக்குச் சமமாகவோ ஒரு படி மேலாகவோ நிற்கிறது. அதே சமயம் பாதிக்கும் மேற்பட்டவர்கள் அந்த ஓராண்டில் ஒரு முறையாவது குடித்திருக்கிறார்கள். இன்னொரு நுணுக்கம்: "போய்ப் பாருங்கள்" என்று வாயால் சொல்லி அனுப்புவதை இந்த ஆய்வுகள் அளக்கவில்லை, ஆலோசகரே கையைப் பிடித்துச் சேர்த்துவிடும் முறையைத்தான் பெரிதும் அளந்தன. டிஸ்சார்ஜ் சீட்டின் ஒற்றை வரிக்கு அந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது.

எச்சரிக்கையாக இருக்கவேண்டிய இடங்கள்

குழு நடத்துவோர் மருத்துவர்கள் அல்ல. "மாத்திரை போட்டால் அது சோபர் (போதையில்லாத நிலை) ஆகாது, நிறுத்திடுங்க" என்று பழைய உறுப்பினர் யாராவது சொன்னால் கேட்கவேண்டாம். உறுப்பினர் யாரும் மருத்துவரைப் போல நடந்துகொள்ளக் கூடாது என்பது ஏ.ஏ.-யின் சொந்த நிலைப்பாடும்கூட. மனச்சோர்வுக்கோ வலிப்புக்கோ எடுக்கும் மருந்தை நிறுத்துவது ஆபத்து.

வழிகாட்டியாக ஒரு 'ஸ்பான்சர்' வைத்துக்கொள்வது வழக்கம். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்பது எழுதாத விதி, அது காரணத்தோடு வந்தது. புதிதாக வந்தவரின் தடுமாற்றத்தைச் சாதகமாக்கிக்கொள்பவர்கள் எந்தக் கூட்டத்திலும் இருக்கலாம். பணம் கடன் கேட்பவரிடமிருந்தும் விலகி இருப்பது நல்லது. "ஏ.ஏ. முறையில் சிகிச்சை" என்று சொல்லிப் பணம் வாங்கும் இடம் தனியார் மையம், அது ஏ.ஏ. ஆகாது.

வீட்டார் என்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது

"அவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்" என்ற விளம்பரங்களைப் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் பார்க்காத தமிழர் இருக்க முடியாது. சாம்பாரில் கலக்கும் பொடி. அதில் என்ன இருக்கிறது என்பதே தெரியாது. டைசல்ஃபிரம் என்ற மருந்து, சாப்பிட்டிருக்கும்போது மது உள்ளே போனால் முகம் சிவந்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் சரியச் செய்யும். மருத்துவர் கண்காணிப்பில், நோயாளியின் சம்மதத்தோடு தரவேண்டிய மருந்து அது. தெரியாமல் கொடுத்து, அவரும் தெரியாமல் குடித்தால் இதயக் கோளாறு உள்ளவருக்கு உயிர் போகலாம்.

ஆள் வைத்துத் தூக்கிக்கொண்டு போய் மையத்தில் அடைப்பதும் தீர்வாகாது. மது சார்ந்த மனநலப் பாதிப்புகளும் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. மையம் பதிவு பெற்றிருக்க வேண்டும், சம்மதமில்லாமல் சேர்ப்பதற்குச் சட்டம் விதித்த கடுமையான நிபந்தனைகள் உண்டு, அடித்துக் கட்டிப்போட யாருக்கும் உரிமை இல்லை.

வீட்டாருக்கென்றே தனிக் குழு இருக்கிறது: அல்-அனான். பில்லின் மனைவி லோயிஸ் இன்னொரு பெண்ணோடு சேர்ந்து 1951-ல் தொடங்கியது. குடிப்பவர் திருந்தினாலும் திருந்தாவிட்டாலும் போகலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அங்கே முதலில் காதில் விழுவது மூன்று விஷயங்கள்: இந்தக் குடிக்கு நீங்கள் காரணமில்லை, அதை உங்களால் கட்டுப்படுத்த முடியாது, குணப்படுத்தவும் முடியாது. "நீ ஒழுங்கா இருந்தா அவன் ஏன் குடிக்கிறான்" என்று மாமியார் வாயால் வருடக்கணக்கில் கேட்ட பெண்ணுக்கு முதல் வாக்கியம் ஒன்றே அங்கே போனதற்குப் போதும்.

கூட்டத்துக்குப் போகத் தொடங்கியவர் இடையில் ஒரு நாள் குடித்துவிட்டால், வீட்டில் நடப்பது பெரும்பாலும் இதுதான்: "இதுக்குத்தான் தினம் போனியா?" அவமானத்தில் அவர் கூட்டத்தையும் நிறுத்திவிடுவார். குழுவில் இதற்கு 'ஸ்லிப்' என்று பெயர். நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். ஆனால் யாரும் வெளியே அனுப்பமாட்டார்கள், வாசனையோடு வந்தாலும் பேசாமல் உட்கார்ந்து கேட்கச் சொல்லும் குழுக்கள் பல. தொடர்ந்து சில நாள் அதிகமாகக் குடித்திருந்தால் மட்டும், மேலே சொன்ன வலிப்பு அபாயம் திரும்பவும் வந்துவிட்டது என்று கொண்டு மருத்துவரைப் பார்த்துவிட்டுப் போகவேண்டும்.

அழைக்கவேண்டிய எண்கள்

2019-ல் வெளியான எய்ம்ஸ் ஆய்வின்படி இந்தியாவில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சையோ உதவியோ கிடைத்திருக்கிறது. மீதி 37 பேருக்கு எங்கே தொடங்குவது என்றால், போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416, தமிழ்நாட்டில் மருத்துவத் தகவலுக்கு 104. குடும்பத்தாரும் அழைக்கலாம். அழைப்பவர் சொல்லவேண்டியவை: கடைசியாகக் குடித்தது எப்போது, தினம் எவ்வளவு, முன்பு நிறுத்தியபோது வலிப்போ பிதற்றலோ வந்ததா, சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுக்கிறாரா. கேட்கவேண்டியவை இரண்டு: பக்கத்தில் நச்சுநீக்கம் செய்யும் அரசு மருத்துவமனை எது, அதற்குப் பிறகு போவதற்கு எந்த ஏ.ஏ. கூட்டம் அருகில்.